11 கிலோவாட் பெட்டி, 3.5 கிலோவாட் சார்ஜ்: நடுவில் ஏழரை எங்கே போயிற்று?

புதுச்சாவி:

வணக்கம். மூன்று வாரங்களாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டில் மும்முனை இணைப்பு, அதாவது மூன்று ஃபேஸ், இருக்கிறது. அதை நம்பி 11 கிலோவாட் சுவர்ப்பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். பேட்டரி 60 கிலோவாட் ஹவர், அதாவது மீட்டர் கணக்கில் 60 யூனிட். அறுபதைப் பதினொன்றால் வகுத்து, ஐந்தரை மணி நேரத்தில் காலியிலிருந்து நிறைந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். காரின் திரையோ 3.5 கிலோவாட் என்று காட்டுகிறது. 20 சதவீதத்தில் செருகினால், 100 வருவதற்குப் பதினான்கரை மணி நேரம் ஆகும் என்கிறது.

பெட்டியை மாட்டியவர், பெட்டி நன்றாக இருக்கிறது, காரைப் பாருங்கள் என்கிறார். காரை விற்றவர்கள், கார் நன்றாக இருக்கிறது, பெட்டியைப் பாருங்கள் என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையென்றால் மீதி ஏழரைக் கிலோவாட் எங்கே போகிறது?

பழைய டீசல்:

ஏழரை என்றாலே தெரியவில்லையா? சனி பெட்டிக்குள் குடியேறிவிட்டது. நான் ஐந்து நிமிடத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறேன், வரட்டுமா?

கணக்கப்பிள்ளை:

போயிருந்தால் அல்லவா தேடுவதற்கு? அந்த ஏழரை உங்கள் காருக்கு வந்ததே இல்லை. ஒரு விவரம் மட்டும் வேண்டும். கார்க் கையேட்டில் ‘ஆன்போர்டு சார்ஜர்’ என்ற வரியைத் தேடி, அதில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். விளம்பரத் தாள் வேண்டாம், கையேடு.

புதுச்சாவி:

“ஆன்போர்டு சார்ஜர் 7.4 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், அதிகபட்சம் 32 ஆம்பியர்.” இவ்வளவுதான் இருக்கிறது. சரி ஐயா, கார் 7.4-தான் வாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். 3.5 அதில் பாதிகூட இல்லையே?

கணக்கப்பிள்ளை:

அந்தப் பாதியில்தான் விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டுவதைச் சார்ஜர் என்று சொல்லிச் சொல்லியே பாதிக் குழப்பத்தை நாம் வாங்கிக்கொண்டோம். அது சார்ஜர் இல்லை. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரி ஏற்றுக்கொள்வது நேர்திசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவிக்குத்தான் சார்ஜர் என்று பெயர். அது காருக்குள்ளேயே இருக்கிறது. நெடுஞ்சாலைகளில் இருக்கும் நேர்திசை நிலையங்கள் மட்டும் இந்தக் கருவியைத் தாண்டி நேராகப் பேட்டரிக்கு மின்சாரம் கொடுக்கின்றன. அங்கே நூறு கிலோவாட்டுக்கு மேல் ஏறும் கார், வீட்டில் ஏழோடு நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம்.

அப்படியானால் சுவர்ப்பெட்டி என்ன செய்கிறது? பாதுகாப்பு ஏற்பாடுகள் கொண்ட ஒரு பெரிய சுவிட்ச் அது. கூடவே அறிவிப்பாளர் வேலையும் பார்க்கிறது. கேபிளுக்குள் தடித்த கம்பிகளோடு மெல்லிய சமிக்ஞைக் கம்பி ஒன்று ஓடுகிறது. பெட்டி அதில் விநாடிக்கு 1,000 துடிப்புகளை அனுப்புகிறது. துடிப்பின் அகலம்தான் செய்தி. ஒவ்வொரு துடிப்பும் தன் நேரத்தில் ஏறத்தாழ 27 சதவீதம் உயர்ந்து நின்றால் “16 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்” என்று பொருள். 53 சதவீதம் நின்றால் 32 ஆம்பியர். 6 ஆம்பியருக்குக் கீழே சொல்ல இந்த மொழியில் வார்த்தையே கிடையாது. சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் கூரையில் ஒரு கிலோவாட்தான் மிச்சம் இருக்கும்போது காருக்கு ஏற்ற முடியாமல் தவிப்பது இதனால்தான்: 6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1.4 கிலோவாட் ஆகிவிடுகிறது.

கேபிளுக்கும் ஒரு குரல் உண்டு. டைப் 2 செருகிக்குள் ஒரு சிறு மின்தடை இருக்கும். 680 ஓம் என்றால் அந்தக் கேபிள் 20 ஆம்பியர் தாங்கும். 220 ஓம் என்றால் 32. பெட்டி சொல்வது, கேபிள் தாங்குவது, காரின் சார்ஜர் விழுங்குவது ஆகிய மூன்றில் எது சிறியதோ அதுவே உங்கள் வேகம்.

இப்போது உங்கள் கணக்கு. 11 கிலோவாட் என்பது ஒரே ஓடை இல்லை. 16 ஆம்பியர், 230 வோல்ட், மூன்று ஃபேஸ். பெருக்கினால் 11,040 வாட். மூன்று குழாய்களில் தண்ணீர் வருகிறது, உங்கள் குடம் ஒரு குழாயின் கீழ்தான் இருக்கிறது. மற்ற இரண்டு ஃபேஸ்களுக்கான ஊசிகளை உங்கள் கார் தொடுவதே இல்லை. 16 ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் 3,680 வாட். சுமை ஏறியதும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். அதைக் கழித்தால் உங்கள் 3.5 வந்துவிடும். பெட்டிக்காரரும் சரி, கார்க்காரரும் சரி. பொருந்தாதது இரண்டுக்கும் இடையிலான கல்யாணம்தான்.

புதுச்சாவி:

இதை வாங்குவதற்கு முன்பு யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

பனிக்காடு:

எனக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. முதல் காரில் 11 கிலோவாட் மும்முனைச் சார்ஜர் இருந்தது. வீட்டில் ஒற்றை ஃபேஸ், 32 ஆம்பியர் பெட்டி, 7.4 கிலோவாட். கிடைத்தது 3.7. அந்தச் சார்ஜர் மூன்று தனித் துண்டுகளால் ஆனது, ஒவ்வொன்றும் 16 ஆம்பியர்தான் எடுக்கும். ஒரே ஃபேஸ் வந்தால் ஒரு துண்டு மட்டும் வேலை செய்யும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது வைத்திருப்பதும் 11 கிலோவாட் கார்தான். ஆனால் ஒற்றை ஃபேஸில் 7.4 முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. டெஸ்லா மாடல் 3 ஐரோப்பாவில் இப்படித்தான்: மூன்று ஃபேஸில் 16 ஆம்பியர், ஒரு ஃபேஸில் 32. ஆகவே கார் வாங்கும்போது “எத்தனை கிலோவாட்” என்று கேட்டால் போதாது, “ஒரு ஃபேஸில் எத்தனை ஆம்பியர்” என்று கேட்க வேண்டும். விற்பனையாளருக்குப் பதில் தெரியாவிட்டால் கையேட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

கணக்கப்பிள்ளை:

பனிக்காடு சொன்ன கேள்வியைச் சுவரில் எழுதி மாட்டலாம். இதில் கார்த் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள். 2010-இல் வந்த நிசான் லீஃபில் 3.3 கிலோவாட் சார்ஜர்தான் இருந்தது. பேட்டரியும் 24 யூனிட்தான் என்பதால் ஓர் இரவு போதுமானதாக இருந்தது. ரெனோ ஸோயியின் தொடக்க மாதிரி நேர் எதிர்: மோட்டாரின் சுருள்களையே சார்ஜர் வேலைக்கும் பயன்படுத்தி, மாறுதிசையிலேயே 43 கிலோவாட் வரை வாங்கிக்கொண்டது. அழகான தந்திரம். ஆனால் வீட்டுப் பிளக்கின் 10 ஆம்பியரில் மாட்டினால் இழப்பு அதிகம். யானைக்கு வைத்த அடுப்பில் ஓர் ஆளுக்குச் சமைப்பது போல.

புதுச்சாவி:

நன்றி ஐயா, புரிந்துவிட்டது. பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஆம்பியர் மாற்றும் சிறு சுழல்விசை ஒன்று இருக்கிறது. இப்போது 16-இல் நிற்கிறது. 20, 25, 32 என்று மேலும் எண்கள் இருக்கின்றன. 32-க்குத் திருப்பினால் ஒரு ஃபேஸிலேயே 7.4 கிடைத்துவிடும் அல்லவா? இன்றிரவே செய்துவிடட்டுமா?

கம்பிக்காரர்:

தம்பி, கையை எடுங்கள். முதலில் மூடியை மூடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் திறந்தீர்களா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

நான் முப்பது வருடமாக ஒயரிங் வேலை செய்கிறேன். அந்தச் சுழல்விசை 16-இல் நிற்பதற்கு ஏதாவது காரணம் இருக்கும். பெட்டியை மாட்டியவர் எந்தக் கனத்தில் கேபிள் இழுத்தார், எந்தப் பிரேக்கர் போட்டார் என்பதைப் பார்த்துத்தான் அது வைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் பார்க்காமல் 32-க்குத் திருப்பினால், அதிர்ஷ்டம் இருந்தால் பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் கேபிள் சுவருக்குள் இரவெல்லாம் வேகும்.

வீட்டில் மற்ற எந்தப் பொருளும் காரைப் போல மின்சாரம் இழுப்பதில்லை. வாட்டர் ஹீட்டர் 15 நிமிடம் எரிந்து அணைந்துவிடும். ஏசி அவ்வப்போது ஓய்வெடுக்கும். கார் முழு ஆம்பியரில் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். அமெரிக்க ஒயரிங் விதிகள் இதைத் தொடர்சுமை என்று தனியாகவே வகைப்படுத்தி, 32 ஆம்பியர் காருக்கு 40 ஆம்பியர் பிரேக்கரும் அதற்கேற்ற கேபிளும் வேண்டும் என்கின்றன. உங்கள் இடத்து விதி எதுவானாலும், சூடு என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

சூட்டின் கணக்கு பொல்லாதது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு ஆகும். ஒரு திருகு சரியாக இறுகாமல் அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 10 ஆம்பியரில் அங்கே 10 வாட் சூடு, யாருக்கும் தெரியாது. 16-இல் 25 வாட், தொட்டால் சுடும். 32-இல் 100 வாட்டைத் தாண்டும். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பே பெரும்பாலும் 60 வாட்டுக்குள்தான். ஒரு சிறு திருகுக்குள் இரண்டு சால்டரிங் இரும்புகளை இரவு முழுக்க வைத்தால் என்ன மிஞ்சும்?

சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சாதாரணச் சாக்கெட்டில் 16 ஆம்பியரில் நான்கு மாதம் கார் ஏற்றியிருக்கிறார்கள். பிளக்கின் ஓர் ஊசி சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. இழுத்தால் சாக்கெட்டே சுவரோடு வந்தது. பிரேக்கர் ஏன் விழவில்லை என்று கேட்டார்கள். ஏன் விழ வேண்டும்? ஆம்பியர் 16-தான். பிரேக்கருக்கு ஆம்பியர் தெரியும், திருகின் சூடு தெரியாது.

ஆகவே நான்கு விஷயங்களைப் பார்த்து எழுதுங்கள்: பெட்டிக்குப் போகும் கேபிளின் கனம், பிரேக்கரின் எண், மீட்டர்ப் பலகையிலிருந்து பெட்டி வரை எத்தனை மீட்டர், வீட்டின் பிரதான இணைப்பில் ஒரு ஃபேஸுக்கு எத்தனை ஆம்பியர் அனுமதி. பெட்டி ஒரு ஃபேஸில் 32 தாங்கும் வகைதானா என்று அதன் தகட்டையும் பாருங்கள். 22 கிலோவாட் உடம்பை 11-க்கு அடக்கி விற்கும் பெட்டிகளும் உண்டு. 16-க்கு மேல் தாங்காதவையும் உண்டு. எல்லாவற்றையும் மூடி திறக்காமலேயே பார்க்கலாம்.

புதுச்சாவி:

மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் திறந்தேன் அண்ணா. இனிமேல் அப்படியும் திறக்க மாட்டேன். விவரங்களைச் சேகரித்துக்கொண்டு வருகிறேன்.

பழைய டீசல்:

கேலி போதும், உண்மையாகவே ஒன்று கேட்கிறேன். நான் இருப்பது அடுக்குமாடி. கார் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு சாதாரணச் சாக்கெட்தான் உண்டு. பெட்டி மாட்ட அனுமதி கிடைப்பது கடினம். அதில் 10 ஆம்பியர்தான் எடுக்கலாம் என்றால் அது 2.3 கிலோவாட். 60 யூனிட் நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அப்புறம் எப்படி ஓட்டுவது?

மஞ்சள்விளக்கு:

நான் இரண்டு ஆண்டுகளாக அந்த 10 ஆம்பியரில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பழைய டீசல். கேள்வியில்தான் டீசல் வாசனை அடிக்கிறது. டேங்க் என்றால் காலியானபின் நிரப்புவோம். அதனால் நினைப்பு உடனே “காலியிலிருந்து நிறைய எத்தனை மணி நேரம்” என்று ஓடுகிறது. வீட்டில் ஏற்றுகிறவர்கள் காலியாவதற்குக் காத்திருப்பதில்லை. அன்றன்று செலவானதை அன்றன்று இரவு திருப்பி வைக்கிறோம்.

என் ஓட்டம் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் சுமார். என் கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவழிக்கிறது, ஆகவே நாளொன்றுக்கு ஏழரை யூனிட் (இங்கேயும் ஏழரை!). சுவரிலிருந்து 2.3 கிலோவாட் எடுத்தால் இழப்பு போகப் பேட்டரிக்குள் 2 கிலோவாட் சேரும். நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இரவு 10 மணிக்குச் செருகினால் 2 மணிக்குக் கார் தூங்கிவிடும். நான் அதற்கு முன்பே தூங்கியிருப்பேன்.

ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் சேர்கிறது என்று பார்த்தால் எளிதாக இருக்கும். இதே காரில் 10 ஆம்பியரில் 13 கிலோமீட்டர், 16-இல் 22, 32-இல் 44. மும்முனை 11 கிலோவாட் வாங்கும் காரில் 65-ஐ ஒட்டி வரும். உங்கள் தினசரி ஓட்டத்தை இதால் வகுத்துப் பாருங்கள்.

பொய் சொல்ல விரும்பவில்லை: இரண்டு ஆண்டில் ஐந்தாறு முறை போதவில்லை. நெடும்பயணம் முடித்து 8 சதவீதத்தோடு இரவில் வந்து, மறுநாள் விடிகாலை மீண்டும் கிளம்ப வேண்டிய நாட்கள் அவை. வழியில் ஒரு நேர்திசை நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அதற்காகச் சுவரை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கம்பிக்காரர் அண்ணா சொன்னதைப் படித்தபின், அந்தச் சாக்கெட்டைக் கழற்றி நல்ல தரத்தில் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.

கம்பிக்காரர்:

நல்ல காரியம் அம்மா. அந்தச் சாக்கெட்டுக்கு மீட்டரிலிருந்து தனிக் கம்பி வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வேறு நாலு விளக்கும் மோட்டாரும் அதே கம்பியில் தொங்கினால் 10 ஆம்பியரும் அதிகம். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. சுருட்டி வைத்த ஒயரில் ஏற்றினால் அது ஒயர் இல்லை, அடுப்பு.

பனிக்காடு:

மஞ்சள்விளக்கின் கணக்கில் குளிரைச் சேர்க்க வேண்டும். என் பக்கம் பனிக்காலத்தில் மைனஸ் 15 வரை இறங்கும். முதல் பனிக்காலத்தில் 10 ஆம்பியரில் செருகிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ‘சார்ஜ் ஏறுகிறது’ என்று திரை சொல்கிறது, சதவீதம் அசையவே இல்லை. உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியில் மின்சாரத்தைத் திணித்தால், லித்தியம் உள்ளே போய் அமராமல் எதிர்முனையின் மேல் உலோகமாகப் படியும். படிந்தது திரும்ப வராது. அதனால் கார் முதலில் பேட்டரியைச் சூடாக்குகிறது. வந்த இரண்டு கிலோவாட்டும் அந்தச் சூட்டுக்கே சரியாகப் போயிருக்கிறது. 32 ஆம்பியர் வந்தபின் அந்தப் பிரச்சினை இல்லை. சூட்டுக்குப் போனதுபோக ஏறுவதற்கும் மிச்சம் இருக்கிறது. மெதுவான பிளக்கோடு வாழ்பவர்கள், வண்டி ஓடி வந்து பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும்போதே செருகிவிடுவது நல்லது.

பழைய டீசல்:

மெதுவாக ஏற்றினால் பேட்டரி அதிக நாள் உழைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை யாரும் இங்கே எழுதவில்லையே? அப்படிப் பார்த்தால் புதுச்சாவிக்கு 3.5 கிடைத்தது அதிர்ஷ்டம்தானே?

கணக்கப்பிள்ளை:

அந்தப் பேச்சு நேர்திசை நிலையங்களைப் பற்றியது. இங்கே அதைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. 60 யூனிட் பேட்டரியில் 7.4 கிலோவாட் என்றால் நிறைய எட்டு மணி நேரம். பேட்டரிக்கு அது தாலாட்டு. அதே பேட்டரி நெடுஞ்சாலையில் 15, 20 கிலோவாட் வெளியே கொடுத்துக்கொண்டே ஓடுகிறது. வேகத்தில் போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், மோட்டார் திருப்பி அனுப்புவது சில விநாடிகளுக்கு 30, 40 கிலோவாட்டைக்கூடத் தொடும். இதையெல்லாம் தாங்குகிற பேட்டரி 3.5-க்கும் 7.4-க்கும் வித்தியாசம் பாராட்டாது.

உண்மையில் மெதுவாக ஏற்றுவதில் வேறொரு செலவு இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது காரின் கணினிகளும் குளிர்விக்கும் பம்புகளும் விழித்திருக்க வேண்டும். பல கார்களில் இதற்கே 200 முதல் 400 வாட் போகிறது. எவ்வளவு நேரம் ஏறுகிறதோ அவ்வளவு நேரமும் இந்தக் கூலி உண்டு. 300 வாட் என்று வைத்தால், 2.3 கிலோவாட்டில் அது எட்டில் ஒரு பங்கு, 7.4-இல் இருபத்தைந்தில் ஒரு பங்கு. மீட்டரில் ஓடியதற்கும் பேட்டரியில் சேர்ந்ததற்கும் இடைவெளி அதிகமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் 10 ஆம்பியர்க்காரர்கள்தான். மஞ்சள்விளக்கு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மஞ்சள்விளக்கு:

கோபம் இல்லை. கணக்கு சரிதான். என் மீட்டரில் 100 யூனிட் ஓடினால் பேட்டரியில் 86, 87 சேர்கிறது.

புதுச்சாவி:

இன்னொரு சந்தேகம். 97 சதவீதம் வரை ஒரே சீராக ஏறிவிட்டு, கடைசி மூன்று சதவீதத்துக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இது எதில் கோளாறு?

கணக்கப்பிள்ளை:

எதிலும் இல்லை. நிறைகிற பாத்திரத்தில் குழாயைச் சிறிதாக்குவது போலத்தான். கடைசியில் நூற்றுக்கணக்கான செல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலையும் நடக்கிறது. உங்கள் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை என்றால் வாரம் ஒருமுறை 100 வரை விடச் சொல்லிக் கையேட்டில் இருக்கலாம். அந்த வகையில் பாதி நிறைந்தாலும் முக்கால் நிறைந்தாலும் வோல்டேஜ் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். உச்சிக்குப் போனால்தான் காருக்குத் தன் சதவீதத்தைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். நிக்கல் கலந்த லித்தியம் வகை என்றால் தினமும் 80-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் பார்க்கவே வேண்டியிராது.

புதுச்சாவி:

கம்பிக்காரர் அண்ணா கேட்ட விவரங்கள், உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து வந்து பார்த்தது. கேபிள் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஐந்து கம்பி. பிரேக்கர் 16 ஆம்பியர். மீட்டர்ப் பலகையிலிருந்து பெட்டி 30 மீட்டர். பிரதான இணைப்பு ஒரு ஃபேஸுக்கு 40 ஆம்பியர். பெட்டியின் தகட்டில் ஒரு ஃபேஸுக்கு 32 வரை என்று இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: கார் எந்த ஃபேஸில் இழுக்கிறதோ, அதே ஃபேஸில்தான் வாட்டர் ஹீட்டரும் இரண்டு ஏசியும் இருக்கின்றன.

கம்பிக்காரர்:

கேபிளை நன்றாகவே போட்டிருக்கிறார்கள், தம்பி. 30 மீட்டர் போக, 30 மீட்டர் வர என்று 60 மீட்டர் செம்பு. 6 சதுர மில்லிமீட்டரில் அதன் தடை 0.17 ஓம். 32 ஆம்பியரில் ஐந்தரை வோல்ட் குறையும், 175 வாட் வழியில் சூடாகும். ஆனால் 30 மீட்டரிலும் பரவிப்போகும் சூடு என்பதால் ஆபத்தில்லை. ஒரே திருகில் நூறு வாட் இருப்பதுதான் ஆபத்து. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தடுப்பது கேபிள் இல்லை, அந்த ஃபேஸில் இருக்கும் கூட்டம். 40-இல் காருக்கு 32 கொடுத்தால் மீதி 8. ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டும். இரண்டு வழி உண்டு. ஹீட்டரையும் ஏசிகளையும் மற்ற ஃபேஸ்களுக்கு மாற்றிவிடலாம். அல்லது பிரதான கம்பியில் மின்னோட்டத்தை அளக்கும் வளையம் மாட்டினால், வீட்டில் சுமை ஏறும்போது பெட்டி தானே காரின் ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பெட்டியில் அந்த வசதி இருக்கிறதா பாருங்கள். ஒரே ஃபேஸில் இவ்வளவு இழுக்கலாமா என்று மின்விநியோகத்தாரின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் ஃபேஸ்களுக்கு இடையே 4.6 கேவிஏவுக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது, அதாவது 20 ஆம்பியர். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

மின்கசிவுப் பாதுகாப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். காரின் சார்ஜரிலிருந்து நேர்திசைக் கசிவு வந்தால் சாதாரண வகை ஆர்.சி.டி. (கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) செயலிழந்து நிற்கும். பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் வெளியே ஏ வகை போதும். இல்லாவிட்டால் பி வகை வேண்டும்.

புதுச்சாவி:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். விநியோக அலுவலகத்தில் கேட்டோம். அனுமதித்த சுமைக்குள் இருந்தால் தடையில்லை என்று எழுத்தில் கொடுத்தார்கள். ஒரு ஏசியும் ஹீட்டரும் வேறு ஃபேஸ்களுக்குப் போயின. மற்ற ஏசியை மாற்றுவதென்றால் கூரையைப் பிரிக்க வேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் சுழல்விசையை அவரே 25-இல் வைத்து, பிரேக்கரை 32 ஆக்கினார். பெட்டிக்குள் நேர்திசைக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது.

காரின் திரை இப்போது 5.6 கிலோவாட் காட்டுகிறது. 20-லிருந்து 100-க்கு ஒன்பதரை மணி நேரம். நடுவில் வேடிக்கை என்னவென்றால், மஞ்சள்விளக்கு அக்கா சொன்னபடி என் தினசரி ஓட்டத்தை ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். சனிக்கிழமையை விட்டுவிட்டால் அதிகபட்சம் 64 கிலோமீட்டர். பழைய 3.5-இலேயே மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும். சனிக்கிழமை ஊருக்குப் போய் வந்த நாள் ஒன்றுதான் 5.6-க்கு வேலை கொடுத்தது.

பழைய டீசல்:

ஆக, ஏழரையில் இரண்டு திரும்பி வந்துவிட்டது.

கம்பிக்காரர்:

சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார், கெட்டிக்காரர். இன்னும் ஒன்று மட்டும். இரவு இரண்டு மணி நேரம் ஏறியபின் பிரேக்கரின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கையை எடுக்கத் தோன்றினால் சார்ஜை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகுகளையும் மறுபடி சோதித்து இறுக்கச் சொல்லுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் செம்பு அழுந்தும். முதல் மாதத்தில்தான் அதிகம் தளரும்.

புதுச்சாவி:

இப்போதுதான் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன் அண்ணா. வெதுவெதுப்புதான். அடுத்த மாதம் 5-ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன்.